தொட்டியெல்லாம் கழுவிய பிறகு ஓவிட்ராப்பில் முட்டை கூடுவது ஏன்? நெல்லைப் பகுதி கொசுப்பொறி இழை

பேட்டை_பதிவேடு

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் கணக்கெடுப்புக்கு ஓவிட்ராப், அதாவது கொசு வந்து முட்டையிடத் தண்ணீர் ஊற்றி வைக்கும் கறுப்பு டப்பா, வைக்கிற வார்டுகளில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இது. வீடு வீடாகப் போய் டிரம், சிமெண்டு தொட்டி, பிரிட்ஜ் பின்தட்டு, ஆட்டுக்கல் குழி எல்லாம் கவிழ்த்துக் கழுவியாகிவிட்டது. நூறு வீட்டில் புழு இருந்த வீடு எத்தனை என்கிற வீட்டுக் குறியீடு இறங்குகிறது. நூறு வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரம் எத்தனை என்கிற பிரட்டோ குறியீடும் இறங்குகிறது. ஆனால் அதே வாரம் பொறியில் முட்டை கூடுகிறது. இந்த அறிக்கையை மேலே கொண்டுபோனால், "ஒன்று பொறி தப்பு, இல்லாவிட்டால் கழுவினதாகச் சொன்னது தப்பு" என்பதுதான் பதில்.

இரண்டுமே சரியாக இருக்க வழி உண்டா? பொறி செய்வது, வைப்பது, எண்ணுவது பற்றித் தெரிந்தவர்கள் அளவோடு எழுதினால் எல்லா வார்டுக்கும் உதவும்.

பாளை_லென்ஸ்

இரண்டும் சரியாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

தொட்டியைக் கழுவும்போது போவது புழுவும் கூட்டுப்புழுவும். ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பெண் கொசு போவதில்லை. அது இன்னும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். ரத்தம் குடித்த மூன்று நான்கு நாளில் முட்டையிட இடம் தேடும். ஏடிஸ் எஜிப்தி ஒரே பாத்திரத்தில் எல்லா முட்டையையும் இடாது. இங்கே கொஞ்சம், அடுத்த வீட்டில் கொஞ்சம் என்று பிரித்து இடும். முன்பு அதற்குப் பத்து இடம் இருந்தது, அதில் உங்கள் கறுப்பு டப்பா ஒன்று. ஒன்பதைக் கவிழ்த்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது டப்பா மட்டும். கொசு கூடவில்லை, முட்டை ஒரே இடத்தில் குவிகிறது.

ஆகவே கழுவிய முதல் இரண்டு வாரம் முட்டை ஏறினால் பதற வேண்டாம். மூன்றாவது, நான்காவது வாரம் இறங்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் எங்கோ ஒரு உற்பத்தி இடம் கண்ணில் படாமல் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடு, மூடி விலகிய மேல்நிலைத் தொட்டி, பயன்படாத கிணறு, கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய், சன்ஷேடில் தேங்கிய தண்ணீர். இந்த வரிசையில் தேடுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. சித்திரை வைகாசியில் குழாய்த் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தெருவில் எல்லா வீட்டிலும் டிரம் நிறைந்து நிற்கும். அப்போது பொறியில் முட்டை குறைவாக விழும். அதைப் பார்த்து "கொசு இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. கொசுவுக்கு வேறு தொட்டில் நிறையக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2012இல் கடையநல்லூரிலும் நெல்லையிலும் டெங்கு வெடித்தது மே, ஜூன் மாதங்களில். மழைக்காலத்துக்குக் காத்திருக்கும் நோய் இல்லை இது. வீட்டுக்குள் சேமித்த தண்ணீரே அதற்குப் போதும்.

மேலப்பாளையம்_டிபிசி

லென்ஸ் சார், விளக்கம் நல்லா இருக்கு. களத்துல நிக்கிறவங்களுக்கு முதல்ல டப்பா சரியா அமையணுமே. சிலர் சிவப்பு மக்கு வைக்குதாங்க, சிலர் வெள்ளை பெயின்ட் டப்பா, சிலர் சிரட்டை. ஒவ்வொரு வார்டுலயும் ஒவ்வொரு மாதிரி இருந்தா எதை எதோட ஒப்பிட? பீடி சுத்துற வீட்டுல இலை நனைக்கிற தண்ணிக்குப் பக்கத்துல வைக்கலாமா கூடாதாங்கிறதையும் சொல்லுங்க.

தாமிரபரணி_கரை

தங்கச்சி, டப்பா விஷயத்தை நான் சொல்லுதேன்.

அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கொள்கிற கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. எது எடுத்தாலும் மாவட்டம் முழுக்க ஒரே அளவு, ஒரே வாய் அகலம். வெள்ளை டப்பா மட்டும்தான் கிடைத்தால் வெளிப்பக்கம் மட்டும் கறுப்பு எனாமல் அடித்து, ஒரு வாரம் வெயிலில் போட்டு வாடை போன பிறகு எடுங்கள். உள்பக்கம் அடித்தால் பெயின்ட் வாடையில் கொசு அண்டாது. அந்தப் பொறி காலியாகவே வரும், நாமும் "இல்லை" என்று எழுதிவிடுவோம்.

உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கவாட்டில் 6 மி.மீ. ஓட்டை. ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த ஓட்டை இல்லாத டப்பா நிரம்பி வழிந்து, தாளில் ஒட்டிய முட்டை தண்ணீருக்குள் முங்கிப் பொரித்து, புழுவாக வெளியே போய்விடும்.

தண்ணீர் ஓட்டைக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பிடித்த உடனே ஊற்றாதீர்கள். குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து, மேலே துணி கட்டி, மறுநாள் ஊற்றுங்கள். ராதாபுரம், உவரிப் பக்கம் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அந்தக் கணக்கைப் பாளையங்கோட்டைக் கணக்கோடு ஒப்பிட முடியாது. எல்லா ஊருக்கும் ஒரே இடத்துத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோவதுதான் சரி.

முட்டை ஒட்டுவதற்கு விதை முளைப்புச் சோதனைக்குப் பயன்படுத்தும் தடித்த தாள் நல்லது. விரல் அகலப் பட்டையாக வைப்பதைவிட உள்சுவரைச் சுற்றி வளைத்து வையுங்கள். பாதி தண்ணீருக்குள், பாதி மேலே. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் ஏறிய பகுதியில்தான் ஏடிஸ் முட்டை இடும். முழுக்க முங்கினாலும் முழுக்கக் காய்ந்தாலும் பயனில்லை. தாள் கிடைக்காவிட்டால் கஞ்சி போகத் துவைத்த காடாத்துணி. ஹார்ட்போர்டு வைத்தால் சொரசொரப்பான பக்கம் டப்பாவின் நடுவைப் பார்த்து இருக்க வேண்டும்.

வைக்கிற இடம்: தரையோடு, நிழலில், காற்று நேராக அடிக்காத மூலையில். துணி துவைக்கும் கல்லடி, புறவாசல் செம்பருத்திச் செடி அடி, மாடிப்படிக்குக் கீழே. மதியம் ஒரு மணி நேரம் வெயில் பட்டாலும் கறுப்பு டப்பாத் தண்ணீர் சுட்டுவிடும். பொறி வைத்த அன்றும் எடுக்கிற அன்றும் மதியம் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் நிழலாக இருந்த இடம் மதியம் வெயிலாக மாறும்.

ஆடும் நாயும் தண்ணீரைக் குடித்துவிடும், கோழி தட்டிவிடும். இரண்டு உடைந்த செங்கலுக்கு நடுவே டப்பாவைச் செருகி, கட்டுக்கம்பியால் ஒரு சுற்றுப் போட்டால் நிற்கும். வீட்டுக்காரர் பெயரை டப்பாவில் எழுத வேண்டாம். பொறி எண், வைத்த தேதி, எடுக்கும் தேதி மட்டும் போதும்.

பீடி இலை நனைக்கிற தண்ணீர் அன்றாடம் கொட்டப்படுவது. அதில் கொசு வளர நாள் போதாது, ஆகையால் அது போட்டி இல்லை. அதே மூலையில் மாதக்கணக்கில் கழுவாமல் நிற்கும் சிமெண்டு தொட்டிதான் போட்டி. பொறியை அந்தத் தொட்டிக்கு ஒட்டி வைக்காமல் வீட்டின் மறுபக்கம் வையுங்கள். இலைத் தண்ணீர் தெறித்துப் பொறிக்குள் விழாமலும் பாருங்கள். இலைச்சாறு விழுந்தால் தண்ணீரின் வாடை மாறி, அந்த ஒரு பொறி மட்டும் வேறு விதமாகப் பேசும்.

மேலப்பாளையம்_டிபிசி

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்னொண்ணு. எத்தனை நாளைக்கு விடணும்? சில இடத்துல பத்து நாள், பன்னெண்டு நாள்னு கெடக்கு.

தாமிரபரணி_கரை

ஏழு நாளுக்கு மேல் ஒரு நாளும் கூடாது. நம்ம ஊர் வெப்பத்தில் முட்டை பொரித்து எட்டுப் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். பன்னிரண்டு நாள் விட்ட பொறி, கணக்கெடுப்புப் பொறி இல்லை, கொசு வளர்க்கும் டப்பா. வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் சொல்வது நியாயம். பங்குனியிலிருந்து ஆனி வரை ஐந்து நாளில் எடுத்துவிடுங்கள். விடுமுறை குறுக்கே வந்தால் முந்தின நாளே எடுக்க வேண்டும், பிந்தக் கூடாது.

பாதுகாப்புக்குப் புழுக்கொல்லி போடுவதும் உண்டு. டெமிபாஸ் 1 சதவீத மணல் குருணை என்றால் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு, அது 1 பிபிஎம், பத்து லட்சத்தில் ஒரு பங்கு மருந்து. அரை லிட்டர் டப்பாவுக்கு அந்த அளவைக் கையால் போட முடியாது. கேனிலேயே கலந்து கொண்டுபோங்கள். போட்டால் எல்லாப் பொறியிலும் போட வேண்டும், பாதியில் போட்டுப் பாதியில் விடக் கூடாது.

எடுத்த டப்பாவை அதே இடத்தில் மறுபடி வைக்காதீர்கள். சுவரில் ஒட்டிய முட்டை கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றியதும் பொரித்துவிடும். இரண்டு தொகுதி டப்பா வைத்துக்கொண்டு, எடுத்ததைக் கொதிநீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, அடுத்த வாரம் மாற்றுங்கள்.

களக்காடு_வைக்கோல்

வைக்கோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றினால் அதிக முட்டை விழும் என்கிறார்களே, சாதாரணத் தண்ணீரை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

பாளை_லென்ஸ்

அதிகம் விழும், உண்மை. 1991இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ரைட்டர் குழுவினர் இதை முறையாகச் செய்து காட்டினார்கள். இரண்டு டப்பா பக்கத்தில் பக்கத்தில்: ஒன்றில் ஏழு நாள் ஊறிய புல் தண்ணீர் அப்படியே, இன்னொன்றில் அதையே பத்தில் ஒரு பங்காக நீர்த்தது. இந்த ஜோடி, சாதாரணத் தண்ணீர் வைத்த ஒற்றை டப்பாவைவிடப் பல மடங்கு முட்டை வாங்கியது.

நம்ம ஊர் அளவு: மூடியுள்ள 30 லிட்டர் டிரம்மில் 120 கிராம் உலர்ந்த வைக்கோல், ஏழு நாள். நிறம் கடுந்தேநீர் மாதிரி வரும். பிசான அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பு மருந்து அடித்த வயல் வைக்கோல் வேண்டாம், மிச்ச மருந்தில் புழு செத்துப்போகும். மூடி சரியில்லாவிட்டால் டிரம்முக்குள்ளேயே கியூலெக்ஸ் என்கிற வேறு வகைக் கொசுவின் முட்டைத் தெப்பம் மிதக்கும்.

சிக்கல் என்னவென்றால் ஒரு டிரம் தண்ணீர் மாதிரி அடுத்த டிரம் இராது. வெயில் கூடின வாரம் வேகமாகப் புளிக்கும். அளவு மீறிப் புளித்த தண்ணீர் ஏடிஸை விரட்டிக் கியூலெக்ஸைக் கூப்பிடும். இந்த வாரம் முட்டை கூடியது கொசுவாலா, டிரம்மாலா என்று பிரிக்க முடியாமல் போகும். ஆண்டு முழுக்க ஒப்பிட வேண்டிய பொறிகளுக்கு ஒரு நாள் வைத்த சாதாரணத் தண்ணீர். கொசு மிகக் குறைவான மாதத்தில் "இருக்கிறதா இல்லையா" என்று மட்டும் கண்டுபிடிக்க வைக்கோல் ஜோடி. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

வள்ளியூர்_காத்து

தென்பக்கத்துக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கிற காற்று பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் வரை எப்படி இருக்கும் என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அந்த மாதங்களில் பொறிக் கணக்கு சரிவதற்குக் காரணம் மூன்று. கொசு காற்றில் பறப்பதில்லை, வீட்டுக்குள்ளேயே ஒதுங்குகிறது. டப்பாத் தண்ணீர் வேகமாக வற்றி, நீர்மட்டம் தாளைவிட்டு இறங்கிவிடுகிறது. மூன்றாவது, டப்பாவே உருண்டுவிடுகிறது.

அதனால் அந்த இரண்டு மாதம் பாதிப் பொறிகளை வீட்டுக்குள், குளியலறைக்கு வெளியே அல்லது கட்டிலடியில் வைத்து, உள்ளே வெளியே என்று தனிப் பத்தியில் எழுத வேண்டும். நடு வாரத்தில் ஒருமுறை போய் நீர்மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கொசு ஒட்டிக்கொள்ளும்படி சுவரில் பசை தடவிய பசைப்பொறியை வெளியே வைக்கவே வேண்டாம். ஒரே நாளில் செம்மண் தூசி படிந்து பசை செத்துவிடும்.

கடற்கரைக் கிராமங்களில் வீட்டைவிடக் கரையில் கவனம் வேண்டும். கவிழ்க்காமல் ஏற்றி வைத்த வள்ளம், உடைந்த ஐஸ் பெட்டி, படகில் குடிதண்ணீர் கொண்டுபோகும் கேன், வலைக்கு மேல் போட்ட தார்ப்பாய் மடிப்பு. கரையில் ஐந்தாறு பொறி தனியாக வேண்டும்.

மணிமுத்தாறு_லார்வா

முட்டையை எண்ணியதோடு வேலை முடியாது. எஜிப்தி முட்டையும், ஏடிஸில் இன்னொரு இனமான ஆல்போபிக்டஸின் முட்டையும் லென்ஸில் ஒன்றுபோலவே தெரியும்: கறுத்த, சுருட்டு வடிவம், ஒரு மி.மீ.க்கும் குறைவு. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு மாதிரி தோப்பும் மலையடியும் சேர்ந்த ஊரில் இரண்டும் கலந்துதான் வரும். பாறைக் குழித் தண்ணீருக்குப் பக்கம் என்றால் ஏடிஸ் விட்டாட்டஸும் சேரும். பொரிக்கவைத்தே பிரிக்க வேண்டும்.

எடுத்த தாளை உடனே வெயிலில் காயப்போடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. முட்டைக்குள் கரு முதிர இரண்டு மூன்று நாள் ஈரம் வேண்டும். ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் மூன்று நாள் வைத்து, பிறகு நிழலில் உலர்த்துங்கள். அதற்கு முன் காய்ந்தால் முட்டை குழிந்து சப்பையாகிவிடும், பொரிக்காது. பக்குவமாக உலர்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தாள் வைத்திருக்கும் அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஒரே இரவில் தாளைச் சுத்தமாக்கிவிடும். கரப்பானும் தின்னும். களத்திலேயே எறும்பு ஏறிய தாளைப் "முட்டை இல்லை" என்று எழுதாமல் "எறும்பு" என்று எழுதுங்கள். அந்தப் பொறி கணக்கில் சேராது.

பொரிக்கவைக்க, தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு, தாளை முழுக்க முக்குங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதுதான் முட்டைக்குச் சைகை. ஒரு தடவையில் எல்லாம் பொரிக்காது. எடுத்து உலர்த்தி, இன்னும் இரண்டு தடவை முக்குங்கள். புழுவுக்கு நாய் பிஸ்கட் தூளும் ஈஸ்டும், தண்ணீர் கலங்காத அளவுக்கு.

வளர்ந்த புழுவில் எட்டாவது வயிற்றுக் கண்டத்தின் சீப்புச் செதில்களைப் பாருங்கள். நடுமுள்ளோடு இருபுறமும் பெரிய பக்கமுள் இருந்தால் எஜிப்தி. ஒற்றை முள் மட்டும் நீண்டிருந்தால் ஆல்போபிக்டஸ். அதில் சந்தேகம் என்றால் கொசுவாகட்டும். முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு எஜிப்தி, நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு ஆல்போபிக்டஸ், மூன்று ஜோடி வெள்ளைப் புள்ளி விட்டாட்டஸ். வளர்க்கும் டிரே வலைக்குள் இருக்க வேண்டும். அடையாளம் பார்த்த பிறகு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.

சந்திப்பு_மின்விசிறி

இவ்வளவு பாடுபடுவதைவிட, விசிறிப் பொறி வைத்துக் கொசுவையே பிடிக்கலாமே? பிஜி சென்டினல் ஏடிஸுக்கென்றே செய்தது. 12 வோல்ட் விசிறி, லாக்டிக் அமிலம், அம்மோனியா, கேப்ராயிக் அமிலம் கலந்த மனித வாடை வில்லை. முட்டையை வளர்த்து அடையாளம் காணும் இரண்டு வாரம் மிச்சம். வைரஸ் சோதனைக்கும் கொசுதானே வேண்டும்?

பாளை_லென்ஸ்

பத்து இடத்துக்குச் சரி, ஐநூறு இடத்துக்கு ஆகாது. ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் அல்லது பேட்டரி வேண்டும். மின்வெட்டு இரண்டு மணி நேரம் விழுந்தால் அந்த நாள் கணக்கு போச்சு. வலைப்பையை நாள்தோறும் எடுக்காவிட்டால் எறும்பு வந்துவிடும். வைரஸ் சோதனைக்கு என்றால் பிடித்தது முதல் ஆய்வகம் வரை குளிர் அறுந்துபோகக் கூடாது. ஐஸ் டப்பாவில் பாதி உருகிய ஐஸோடு அனுப்பினால் முடிவு வீண்.

கரியமில வாயு சேர்த்தால் பிடிப்பு கூடும். உலர்பனி இங்கே எளிதில் கிடைக்காது. 2.5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 250 கிராம் சீனி, 17 கிராம் உலர் ஈஸ்ட் என்று கலந்து குழாய் செருகினால் ஓர் இரவுக்கு வாயு வரும். கேனில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் நுரை குழாய்க்குள் ஏறிவிடும்.

சிங்கப்பூரில் தீவு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேல் கிராவிட்ராப் வைத்திருக்கிறார்கள். அவை விசிறி இல்லாத பசைப்பொறி: முட்டையிட வரும் கொசு தண்ணீருக்கு மேலுள்ள பசைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுக்குமாடி நடைபாதையில் தூசி குறைவு, காற்று குறைவு, அதனால் அங்கே பொருந்துகிறது. என் பரிந்துரை: வார்டு முழுக்க முட்டைப்பொறி, முட்டை குறையாத இடங்களில் மட்டும் விசிறிப்பொறி.

பாம்பன்_உறவு

ராமேஸ்வரம் தீவில் இதே ஓவிட்ராப்பை மலேரியாக் கொசுவுக்கு வைக்கலாமா?

மணிமுத்தாறு_லார்வா

வேண்டாம், அங்கே கொசுவே வேறு. ராமேஸ்வரம் தீவின் மலேரியாக் கொசு அனாபிலஸ் குலிசிபேசிஸ். அந்தத் தொகுதியில் ஐந்தாவது உடன்பிறப்பு இனத்தை (பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் தனி இனம்), "ஈ" என்று பெயரிட்டு, 1999இல் அறிவித்ததே இந்தத் தீவுக் கொசுக்களை வைத்துத்தான். அது சவுக்குத் தோப்பில் நீர் பாய்ச்சத் தோண்டும் குழியில் முட்டையிடும். டப்பாவைத் திரும்பிப் பார்க்காது. அங்கே வேலை மூன்று: 300 மி.லி. அகப்பையால் குழிக் குழியாக முகர்ந்து புழு எண்ணுவது. விடிகாலையில் டார்ச்சும் உறிஞ்சுகுழாயுமாக வீட்டுச் சுவரிலும் மாட்டுக்கொட்டிலிலும் உட்கார்ந்திருப்பதைப் பிடிப்பது. இரவு முழுக்க சிடிசி விளக்குப்பொறி, 6 வோல்ட் பேட்டரியில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். பக்கத்தில் தெருவிளக்கு இருந்தால் விளக்குப்பொறி தோற்கும்.

கிணறும் தொட்டியும் உள்ள நகரத்து அனாபிலஸ் ஸ்டீபன்சியைத் தேடுவதும் அவசியம். இலங்கையில் அது முதன்முதலாக 2016 கடைசியில் மன்னார் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது, அந்த நாடு மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற சில மாதத்துக்குள். துறைமுகத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் நோய்க்கடத்திகள் இல்லாமல் வைக்க வேண்டும் என்று 2005 சர்வதேசச் சுகாதார விதிகள் சொல்வது இப்படிக் கொசு நாடு மாறுவதைத் தடுக்கத்தான்.

பேட்டை_பதிவேடு

கணக்கு எழுதும் முறையை மட்டும் யாராவது முடித்துவிடுங்கள்.

பாளை_லென்ஸ்

உதாரணமாக 50 பொறி வைத்தீர்கள். 4 காணவில்லை, 2 கவிழ்ந்துவிட்டன. மிச்சம் 44. அதில் 11இல் முட்டை. நேர்மறை விகிதம் 11ஐ 44ஆல் வகுத்து 25 சதவீதம். 50ஆல் வகுத்தால் 22 என்று வரும், அது தப்பு. காணாமல் போன பொறியைக் "காலி" என்று எழுதியதும் கொசு குறைந்ததுபோலத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து முட்டை அடர்த்தி. 11 பொறியில் 330 முட்டை என்றால் சராசரி 30. அதில் ஒரே டப்பாவில் 180 இருந்தால்? மற்ற பத்தின் சராசரி 15தான். ஆகவே சராசரியோடு நடுமதிப்பையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எழுதுங்கள், 180 வந்த வீட்டைச் சுற்றி நூறு மீட்டர் தேடுங்கள். வார்டுக்குப் பத்துப் பொறி மட்டும் வைத்தால் ஒரு டப்பா மாறினாலே பத்து சதவீதம் ஏறி இறங்கும். ஐம்பது இருந்தால் இரண்டு சதவீதம். வீடுகளைச் சீட்டுப் போட்டு எடுங்கள். காய்ச்சல் வந்த வீட்டில் மட்டும் வைத்தால் அது வார்டின் கணக்கு ஆகாது.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு: பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தி சேருங்கள். "இந்தத் தெருவில் கடைசியாகத் தொட்டி கழுவிய தேதி." அந்தத் தேதியிலிருந்து எத்தனையாவது வாரம் என்று பக்கத்தில் எழுதி, முட்டை அடர்த்தியை அதற்கு எதிரே வையுங்கள். முதல் இரண்டு வார ஏற்றமும் அதற்குப் பிந்தைய இறக்கமும் தனித்தனியாகத் தெரியும்.

பேட்டை_பதிவேடு

பத்தி சேர்த்தாயிற்று. நான்காவது வாரத்திலும் இறங்காத தெருக்களைப் பிரித்து, பூட்டிய வீடுகளின் பட்டியலோடு இங்கேயே போடுகிறேன், வீட்டு எண் இல்லாமல்.

மேலப்பாளையம்_டிபிசி

அப்படியே அந்தத் தெருவுல மேல்நிலைத் தொட்டி மூடி எத்தனை சரியில்லைன்னும் ஒரு பத்தி போடுங்க. ஏணி கொண்டுபோற அன்னைக்கே பொறியும் எடுக்கிற மாதிரி நாளை அமைச்சுக்கிடலாம்.